ருரோனி கென்ஷின் – தி பிகினிங்: கடைசியில் பார்க்க வேண்டிய முதல் கதை

'ருரோனி கென்ஷின்' என்ற, ஐந்து படங்கள் கொண்ட ஜப்பானிய வாள் சண்டைப் பட வரிசையில் ஐந்தாவதாக வந்த படத்துக்குத் 'தொடக்கம்' என்று பெயர் வைத்தால், எதை முதலில் பார்ப்பது என்று ஆளாளுக்குக் குழம்பத்தான் செய்வார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடலாம்: வெளியான வரிசையில் பாருங்கள். 2012 ஆகஸ்டில் முதல் படம். 2014 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் 'கியோத்தோ இன்ஃபெர்னோ', 'தி லெஜெண்ட் எண்ட்ஸ்'. 2021 ஏப்ரலில் 'தி ஃபைனல்', ஜூனில் 'தி பிகினிங்'. கதை நடக்கும் காலப்படி பார்த்தால் கடைசிப் படம்தான் எல்லாவற்றுக்கும் முந்தையது. அது 1864 கியோத்தோவில் நடக்கிறது, மற்ற நான்கும் ஷோகுன் என்ற ராணுவத் தலைவர்களின் ஆட்சி வீழ்ந்து மெய்ஜி அரசு வந்து பத்து ஆண்டுகள் கழித்து. ஆனாலும் காலவரிசைப்படி பார்ப்பவர்கள் இந்தப் படத்தின் பாதி வலிமையை இழந்துவிடுவார்கள். காரணம் வாளில் இருக்கிறது.

முதல் நான்கு படங்களில் கதாநாயகன் கென்ஷின் வைத்திருப்பது கூர்முனை மாறிய வாள். வளைவின் வெளிப்பக்கம் மொண்ணை, உள்பக்கம்தான் கூர். அடித்தால் எலும்பு முறியும், உயிர் போகாது. இது 'இனி யாரையும் கொல்ல மாட்டேன்' என்ற சபதத்தின் அடையாளம் என்பது கதைக்குள் சொல்லப்படும் காரணம். சண்டைக் காட்சி அமைப்பவருக்கோ இது பெரிய வரம். கொல்லாத வாள் என்பதால் ஒரே எதிரியைப் பத்து முறை அடிக்கலாம். அவன் எழுந்து வரலாம், சுவரில் மோதலாம், மறுபடி வரலாம். சண்டை நடிகர் டோனி யென்னுடன் ஹாங்காங்கில் வேலை பார்த்துத் தேர்ந்த சண்டை இயக்குநர் கென்ஜி தனிகாகி இந்த வசதியை முழுக்கப் பயன்படுத்தினார். தரையோடு தரையாகக் குனிந்து ஓடுவது, ஓட்டத்திலேயே திசை மாறுவது, உறையையே இரண்டாவது ஆயுதமாக்குவது என்று ஜப்பானிய வாள் சண்டைக்குப் புதிய வேகத்தையே கொண்டுவந்தார்.

'தி பிகினிங்'கில் அந்த வாள் இல்லை. இருப்பது சாதாரண வாள், கூர் இருக்க வேண்டிய பக்கத்தில் இருக்கிறது. அதனால் ஒரு வெட்டு பட்டால் ஆள் முடிந்தான். முதல் காட்சியிலேயே இந்த வித்தியாசம் முகத்தில் அறைகிறது. கைகள் கட்டப்பட்ட நிலையில் எதிரிகளின் மாளிகைக்குள் இழுத்துவரப்படுகிறான் கென்ஷின். வாளை வாயால் கவ்வியபடி கொல்லத் தொடங்குகிறான். கட்டு அவிழ்ந்த பிறகு நடப்பதைச் சண்டை என்றே சொல்ல முடியாது, அறுவடை என்று வேண்டுமானால் சொல்லலாம். நான்கு படங்களாக இவனுடைய வேகத்துக்குக் கைதட்டிப் பழகிய ரசிகனுக்கு, அதே வேகம் இங்கே அருவருப்பைத் தருகிறது. இந்த அதிர்ச்சி வேண்டுமென்றால் முந்தைய நான்கையும் பார்த்திருக்க வேண்டும். முதலில் இதைப் பார்த்தால் இது இன்னொரு ரத்தக்களறிப் படம், அவ்வளவுதான்.

கதையின் முடிவைத் தொடாமல் இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. 'தி ஃபைனல்' படமே முடிவை உடைத்துவிடுவதால் அதில் பெரிய பாவமும் இல்லை.

இந்தப் படங்களுக்கு மூலம் நொபுஹிரோ வாட்சுகி வரைந்த மங்கா, அதாவது ஜப்பானியச் சித்திரக்கதை. அது 1994 முதல் 1999 வரை 'வீக்லி ஷோனென் ஜம்ப்' இதழில் வந்தது, 28 தொகுதிகள். சோஷூ பகுதியின் கிளர்ச்சியாளர்களுக்காக ஷோகுன் ஆட்சியின் ஆட்களைக் கொன்று தள்ளும் கொலையாளிதான் இளம் கென்ஷின். இந்தப் பாத்திரத்துக்கு முன்மாதிரி கவகாமி கென்சாய் என்ற உண்மையான ஆள். 1864இல் சகுமா ஷோசான் என்ற அறிஞரை கியோத்தோவில் பட்டப்பகலில் வெட்டிச் சாய்த்தவன். படத்தில் வரும் கட்சுரா கோகோரோ, தகாசுகி ஷின்சாகு, ஒகிதா சோஜி எல்லோரும் வரலாற்றில் வாழ்ந்தவர்களே. அந்த ஆண்டு ஜூலையில் ஷோகுன் தரப்பின் ஷின்செங்குமி படை இகேதாயா விடுதிக்குள் புகுந்து கிளர்ச்சியாளர்களை வெட்டிய சம்பவமும் நடந்ததுதான். கற்பனை என்பது கென்ஷினும், அவன் வாழ்க்கையில் வந்து சேரும் தோமோயேயும், அவளைச் சுற்றிய சதியும்.

இயக்குநர் கெய்ஷி ஓதோமோ முன்பு ஜப்பானின் என்.எச்.கே. தொலைக்காட்சியில் இருந்தவர். 2010இல் அவர் இயக்கிய 'ரியோமாதென்' வரலாற்றுத் தொடரில் ஒகாதா இசோ என்ற கொலையாளியாக நடித்தவர், இங்கே கென்ஷினாக வரும் தகேரு சாத்தோ. அதே காலம், அதே தொழில், அதே நடிகர். எனவே இந்தப் படத்தில் இருவரும் தங்கள் சொந்த மண்ணில் நிற்கிறார்கள். முந்தைய நான்கும் மங்காவின் கலர்கலரான உடைகளோடும் விநோத வில்லன்களோடும் சமரசம் செய்துகொண்டவை. இது நேராக வரலாற்றுப் படத்தின் பாணிக்குப் போய்விடுகிறது. நிறங்கள் வற்றிக் கிடக்கின்றன. விளக்கொளியில் பாதி முகம்தான் தெரிகிறது. நகைச்சுவைக்கு இடமே இல்லை.

படத்தின் ஆணிவேர் ஒரு சின்னக் காட்சி. இரவில் ஓர் அதிகாரியோடு காவலாக வரும் கியோசாதோ என்ற இளைஞனை கென்ஷின் வெட்டுகிறான். மற்றவர்கள் ஒரே வெட்டில் விழுகிறார்கள். இவன் மட்டும் விழ மறுக்கிறான். வாளில் பெரிய திறமை ஒன்றும் இல்லாதவன். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, சாக முடியாது என்ற ஒரே பிடிவாதத்தில் திரும்பத் திரும்ப எழுகிறான். அந்தத் தடுமாற்றத்தில் அவன் வாள்முனை கென்ஷினின் இடது கன்னத்தைக் கீறுகிறது. மசதகா குபோதா இந்தப் பாத்திரத்தை 2012 படத்தின் ஃப்ளாஷ்பேக்கிலும் செய்திருக்கிறார். அப்போது அது கதாநாயகனின் குற்ற உணர்ச்சியை விளக்கும் துணுக்காக மட்டும் இருந்தது. இங்கே செத்தவனுக்கு ஒரு மணப்பெண் இருக்கிறாள் என்பது அடுத்த இரண்டு மணி நேரத்தையும் நடத்துகிறது. அந்த மணப்பெண்தான் தோமோயே. கென்ஷினின் பலவீனத்தைக் கண்டுபிடிக்க ஷோகுன் தரப்பு அனுப்பிய ஒற்றும் அவளே. கன்னத்துக் கீறல் ஆறாமல் அவ்வப்போது ரத்தம் கசிவதைப் படம் திரும்பத் திரும்பக் காட்டுகிறது, விளக்கம் சொல்லி இழுக்காமல்.

கசுமி அரிமுரா தோமோயேயாக நடித்திருப்பதில் குறிப்பிட வேண்டியது, அவர் எதையும் 'நடித்துக் காட்டவில்லை' என்பது. வசனம் குறைவு, அசைவு அதைவிடக் குறைவு. காதலும் பழியுணர்ச்சியும் ஒரே முகத்தில் இருக்க வேண்டிய பாத்திரம் இது. இரண்டில் எதைக் கூடுதலாகக் காட்டினாலும் சதி முன்கூட்டியே தெரிந்துவிடும். இரண்டாம் முறை பார்க்கும்போது, அவர் கென்ஷினைப் பார்க்கும் ஒவ்வொரு பார்வைக்கும் வேறு பொருள் கிடைக்கிறது.

சிக்கலும் இதே இடத்தில்தான். மங்காவில் அப்போது கென்ஷினுக்கு வயது 15, தோமோயேவுக்கு 18. ஒரு சிறுவனைக் கொலைக் கருவியாக்கிய பெரியவர்கள் மீதான கோபமும், அவனைவிட மூத்தவளாக வந்து அவனைத் தூங்க வைக்கிற பெண்ணின் பரிவும் மூலக்கதையின் உயிர். படத்தில் 1989இல் பிறந்த நடிகரும் 1993இல் பிறந்த நடிகையும். வயதுத் தலைகீழ் மாற்றத்தால் கதை வளர்ந்த இருவரின் காதல் கதையாகிவிடுகிறது. ஒன்பது ஆண்டுகளாக அந்தப் பாத்திரத்தைச் சுமந்த நடிகரை மாற்றியிருக்கவும் முடியாது. ஆனால் 'இவன் குழந்தையடா' என்ற பதைப்பு படத்தில் வரவே வராது. அது வேண்டுமென்றால் 1999இல் வெளியான நான்கு பாக அனிமேஷன் ஒன்று இருக்கிறது, இதே கதை, கஸுஹிரோ ஃபுருஹாஷி இயக்கியது. 'தி பிகினிங்' பல இடங்களில் மங்காவைவிட இந்த அனிமேஷனின் மௌனத்தையே பின்பற்றுகிறது.

இன்னொரு குறை வில்லன்கள். இகேதாயா சம்பவத்துக்குப் பிறகு கியோத்தோவில் இருக்க முடியாமல் கென்ஷினும் தோமோயேயும் ஓட்ஸு பக்கம் கிராமத்தில் கணவன் மனைவியாகக் குடியிருக்கிறார்கள். அந்தக் கிராமத்துப் பகுதி மெதுவாக நகர்கிறது, நகரவும் வேண்டும், அதில் புகார் இல்லை. ஆனால் அதன் முடிவில் வரும், தோமோயேயை அனுப்பிய யாமினோபு குழுவினர் யார், அவர்களுக்கு என்ன வெறி என்று படம் சொல்லவே மறந்துவிட்டது. தலைவன் தத்சுமியாகக் கசுகி கிதாமுரா தாங்கிப் பிடிக்கிறார், மற்றவர்கள் வந்து சாகிறார்கள். அதே நேரம் நிஜிரோ முராகாமி நடித்த ஷின்செங்குமி வீரர் ஒகிதா சோஜி சில நிமிடங்களே வந்தாலும், கென்ஷினோடு சமமாக மோதும் அந்த ஒற்றைச் சண்டையால் மனதில் நிற்கிறார். சாதாரண வாள் இருவர் கையிலும் இருப்பதால் அங்கே மட்டும்தான் கென்ஷினுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம் வருகிறது.

பனியில் நடக்கும் இறுதிச் சண்டை சண்டையாகச் சுமார்தான். காயமும் களைப்பும் சேர்ந்து கண்ணும் காதும் மங்கிய நிலையில் குருட்டாம்போக்கில் கென்ஷின் வீசும் வெட்டு, நடுவில் புகுந்த தோமோயேயையும் சேர்த்து வெட்டுகிறது. அவள் கையிலிருந்த குத்துவாளால் கன்னத்தில் இரண்டாவது கோடு விழுகிறது. முதல் கோடு அவளுக்கு நிச்சயிக்கப்பட்ட கியோசாதோ போட்டது, இரண்டாவது அவள் போட்டது. முந்தைய நான்கு படங்களிலும் பார்த்த சிலுவைத் தழும்புக்கு இப்போதுதான் கணக்கு முடிகிறது. படம் அங்கே நிற்காமல் 1868 தோபா-ஃபுஷிமி போர்க்களம் வரை போய், 2012 படம் தொடங்கிய இடத்தில் கொண்டுபோய் விடுகிறது.

இதற்கு விலை கொடுத்தது 'தி ஃபைனல்'. மங்காவில் இந்த ஃப்ளாஷ்பேக், அக்கா தோமோயேயின் சாவுக்குப் பழிவாங்க வரும் எனிஷியின் கதைக்கு நடுவே வரும். படிப்பவர் தோமோயேயை நன்றாகத் தெரிந்துகொண்ட பிறகே எனிஷியோடு மோதல். படங்களில் அதைப் பிடுங்கித் தனிப் படமாக்கியதால், 'தி ஃபைனல்' 138 நிமிடம் ஓடியும் எனிஷியின் கோபம் நமக்குத் தகவலாகத்தான் வருகிறது. எனிஷியாக நடித்த மக்கென்யூவின் உடல்மொழியும் கூட்டச் சண்டைகளும் அந்தக் குறையை மூடி மறைக்கின்றன. மங்காவில் கென்ஷின் நேசிக்கும் கவோரு கொலையுண்டதாக எனிஷி நம்பவைக்கும் பகுதியைத் தூக்கிவிட்டது மட்டும் நல்ல முடிவு. திரையில் அது கண்டிப்பாகக் கேலியாகியிருக்கும்.

ஆகவே முழு வரிசைக்கும் நேரம் இல்லாதவர்களுக்கு: 2012 படம், பிறகு 'தி ஃபைனல்', பிறகு 'தி பிகினிங்' போதும். 2014இன் இரண்டு படங்களும் ஷிஷியோ என்ற வேறு எதிரியின் கதை. விட்டால் கதை புரியாமல் போகாது, சண்டை விருந்துதான் தவறிப்போகும். கடைசி இரண்டு படங்களும் 2021இல் ஜப்பானுக்கு வெளியே நெட்ஃபிளிக்ஸில் வந்தன. ஜப்பானிய ஒலியிலேயே சப்டைட்டிலோடு பாருங்கள். அரிமுராவின் குரல் தணிவு டப்பிங்கில் கிடைக்காது. இருட்டுக் காட்சிகள் அதிகம் என்பதால் பகலில் ஜன்னல் திறந்த அறையில் ஃபோனில் பார்த்தால் பாதிப் படம் கறுப்பாகத்தான் தெரியும்.

இதே வகையில் வேறு படங்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவை துயரக் கதையைக் கதாநாயகனுக்குப் பழிவாங்கும் உரிமச் சீட்டாகவே பயன்படுத்துகின்றன. தகாஷி மீகே இயக்கிய 'பிளேட் ஆஃப் தி இம்மார்ட்டல்' (2017) தங்கையைப் பறிகொடுக்கும் மன்ஜியின் கதையைக் கறுப்பு வெள்ளையில் தொடக்கத்திலேயே முடித்துவிட்டு, மீதி நேரமெல்லாம் வெட்டிக்கொண்டே போகிறது. 140 நிமிடத்துக்கு அது அலுக்கும். 'லேடி ஸ்னோபிளட்' (1973) சிறையில் பழிவாங்கவே பெற்றெடுக்கப்பட்ட பெண்ணின் கதை. மெய்கோ காஜியின் கண்களுக்காக மட்டுமே பார்க்கலாம். 'அஸுமி' (2003) ஒன்றில்தான் கென்ஷினுக்குப் பக்கத்தில் வைக்கக்கூடிய தொடக்கம் இருக்கிறது: ஒன்றாக வளர்ந்த பத்துப் பேரை இரண்டிரண்டாக நிற்கவைத்து, நெருங்கிய நண்பனையே கொல் என்கிறார் குரு. ஆனால் அடுத்த அரை மணி நேரத்திலேயே படம் அந்தக் காயத்தை மறந்து வேடிக்கை காட்டப் போய்விடுகிறது.

சுருக்கத்தில் எல்லோரையும் மிஞ்சியது 1972இன் 'லோன் வுல்ஃப் அண்ட் கப்' வரிசையின் முதல் படம், கென்ஜி மிசுமி இயக்கியது. எதிரிகள் மனைவியைக் கொன்று பழியையும் தன் தலையில் கட்டிய பிறகு, ஒகாமி இத்தோ தன் கைக்குழந்தையின் முன் ஒரு பந்தையும் வாளையும் வைக்கிறான். பந்தைத் தொட்டால் தாயிடமே அனுப்பிவிடுவான், வாளைத் தொட்டால் தன்னோடு நரகப் பாதையில் வரலாம். முழுப் படமே 83 நிமிடம்தான். 'தி பிகினிங்' பிடித்தவர்கள் அடுத்துப் பார்க்க வேண்டியது இது. வரிசையில் மொத்தம் ஆறு படங்கள், முதல் இரண்டு கட்டாயம், மீதியை விருப்பம்போல் பார்த்துக்கொள்ளலாம்.