"சூடானா நின்னுடும்ணா": சிட்டி விடெக்கில் ஹெடர் போட்ட அனுபவம்

பழைய ஹோண்டா சிட்டி விடெக் ஒன்றைத் தேடிப் பிடித்து வாங்கியிருக்கும் நண்பன் கேட்டான்: "மாப்ள, ஹெடர் போடலாமா? உன்னுது எப்படி இருக்கு?" ஹெடர் என்றால் ஒவ்வொரு சிலிண்டரின் புகையையும் தனிப் பைப்பில் எடுத்து ஒன்றாகச் சேர்க்கும் அமைப்பு; கம்பெனி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்குப் பதிலாகப் போடுவது. கேட்ட நேரம் சரியில்லை. என் ஹெடரை மறுபடியும் கழற்றி, லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போய், திரும்ப மாட்டி முடித்த வாரம் அது. ஃபோனில் பாதிக்கு மேல் திட்டாகவே போய்விட்டது. அது வண்டிக்கும் நியாயமில்லை, ஹெடருக்கும் நியாயமில்லை. அதனால் நிதானமாக எழுத முயல்கிறேன்.

வண்டியைப் பற்றி யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 106 குதிரைத்திறன், 1.5 லிட்டர். 2003-ல் அடுத்த சிட்டி 77 குதிரையோடு வந்து நின்றபோது வயிறெரிந்தவர்கள்தான் இதை இன்னமும் விற்காமல் வைத்திருக்கிறோம். நான் போட்டிருப்பது 4-2-1 ஹெடர், எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) பைப். கோவையிலேயே வளைத்து, ஆர்கான் வெல்டிங்கில் செய்தது. சைலன்சர் கம்பெனி சைலன்சர்தான். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரிலும் கை வைக்கவில்லை. தெருவுக்கே கேட்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த அனுபவம் உதவாது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபம் ஏறுவதற்குள்.

ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். பழைய வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு இருந்தபோது ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியரில் ஒரு சின்னக் காத்திருப்பு இருக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்துவிட்டு, ஆர்பிஎம் மேலே வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருப்போம். இப்போது அந்தக் காத்திருப்பு கிட்டத்தட்ட இல்லை. மூவாயிரத்தைத் தாண்டியதும் இழுவை ஒரே சீராக ஏறுகிறது, ஆர்பிஎம் ஏறியதும் வால்வுகளை அதிகம் திறக்கவைக்கும் விடெக் விழுகிற இடத்தில் முன்பு தெரிந்த படிக்கட்டு மழுங்கியிருக்கிறது. சத்தம் கூடவில்லை, மாறியிருக்கிறது. கண்ணாடியை இறக்கிவிட்டு மலைச்சுவர் ஓரமாக ஏறினால் அடித்தொண்டையில் ஒரு உறுமல் சுவரில் பட்டுத் திரும்பி வரும். அதற்காகவே தேவையில்லாமல் கியர் குறைத்திருக்கிறேன்.

இது பிரமை இல்லை, காரணம் இருக்கிறது. புகை ஒரே ஓட்டமாகப் போவதில்லை. ஒவ்வொரு சிலிண்டரும் திறக்கும்போது ஒரு உதை. 1-3-4-2 வரிசையில் எரிகிற எஞ்சினில் ஒன்றையும் நான்கையும் ஒரு ஜோடியாக, இரண்டையும் மூன்றையும் இன்னொரு ஜோடியாகச் சேர்ப்பதுதான் 4-2-1. ஜோடியில் ஒன்று உதைத்து கிராங்க் முழுச் சுற்று சுற்றிய பிறகே மற்றது உதைக்கும் என்பதால் ஒன்றின் புகை அடுத்ததன் வாயில் மோதுவதில்லை. உதைக்குப் பின்னால் வரும் அழுத்தக் குறைவு, அடுத்த சிலிண்டரில் மிச்சமிருக்கும் புகையையும் இழுத்துக்கொண்டு போகிறது. நான்கு பைப்பும் ஒரே இடத்தில் கூடும் 4-1 பெரும்பாலும் உச்ச ஆர்பிஎம்முக்கானது, ரேஸ் வண்டிக்குச் சரி. நம் ரோட்டில் நடு ஆர்பிஎம்தான் சோறு போடும். அதற்காக இருபது குதிரை கூடும் என்று எவனாவது சொன்னால் நம்பாதே. எஞ்சினின் கம்ப்யூட்டரான ஈசியூவைத் தொடாமல் ஹெடரை மட்டும் மாற்றினால் கூடுவது ஒற்றை இலக்கம்தான். நான் சொல்வது இழுவை எங்கே வருகிறது என்பதைப் பற்றி. எவ்வளவு வருகிறது என்ற கணக்கு வேறு.

சரி, இப்போது அந்தச் சத்தம்.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் பானட்டுக்குள்ளிருந்து டிக், டிக், டிக். பழைய தையல் மிஷின் ஓடுவது போல. ஆக்சிலரேட்டரைத் தொட்டால் வேகமாகத் தைக்கும். ஓரிரண்டு நிமிடம், மழைக்காலத்தில் இன்னும் கொஞ்சம். அப்புறம் தானாகக் குறைந்து காணாமல் போய்விடும். அதற்குள் அக்கம்பக்கம் எல்லோரும் வைத்தியம் சொல்லிவிடுவார்கள். வாட்ச்மேன் "டேப்பட் செட் பண்ணுங்க சார்" என்கிறார். எதிர்வீட்டுப் பெரியவர் ரொம்ப நாளாக இது டீசல் வண்டி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். மெக்கானிக்கும் முதலில் டேப்பட்டைத்தான் செட் செய்தார். இந்த எஞ்சினில் ஸ்க்ரூவும் லாக் நட்டும் வைத்து டேப்பட் இடைவெளியை, அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் பாகத்துக்கும் நடுவே விடும் சந்தை, சரிசெய்யலாம் என்பதால் அது இயல்பான சந்தேகம்தான். இடைவெளி அளவோடு இருந்தது. மறுநாள் காலை மறுபடி தையல்.

உண்மைக் காரணம் பளிச்சென்று எழுதியே வைத்திருந்தது. ஹெடரைக் கழற்றியபோது நான்காவது சிலிண்டரின் புகைவாய் (போர்ட்) ஓரம், கசிவை அடைக்க வைக்கும் கேஸ்கட் மேல் கரிக்கோடு. அங்கேதான் புகை கசிகிறது. எஞ்சின் ஜில்லென்று இருக்கும்போது எஞ்சின் ஹெட்டுக்கும், ஹெடரை அதோடு இணைக்கும் தகடான ஃப்ளாஞ்சுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி. ஒவ்வொரு உதையும் அதன் வழியே வெளியே துப்பும்போது வருவதுதான் அந்த டிக். சூடானதும் உலோகம் விரிந்து இடைவெளி மூடிக்கொள்கிறது.

செய்து கொடுத்தவரிடம் கொண்டுபோனேன். பத்து விநாடி கேட்டுவிட்டுச் சொன்னார்: "சூடானா நின்னுடும்ணா." அது எனக்கும் தெரியும். நிற்பதற்கு முன் ஏன் வருகிறது என்பதுதான் கேள்வி. ஆனால் இந்த ஒரே வாக்கியம் ஊர் முழுக்கப் பரவியிருக்கிறது. கேஸ்கட் விற்கிறவர், வெல்டர், கார் பித்துப் பிடித்த என் மைத்துனன், எல்லோருக்கும் அதே பதில். வைத்தியமே இல்லாத ஒரு வியாதிக்கு ஊரே கூடிச் சொல்லும் ஆறுதல் மாதிரி ஆகிவிட்டது.

சூடானால் நிற்கிறதே, அப்புறம் என்ன என்று விட்டுவிடவும் முடியாது. கசிகிற இடம் புகையை வெளியே விடுவதோடு நிற்பதில்லை. உதைக்கும் உதைக்கும் நடுவே அழுத்தம் குறையும்போது வெளிக்காற்றை உள்ளேயும் இழுக்கிறது. கீழே உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சர் அந்தக் காற்றைப் பார்த்து, பெட்ரோல் போதவில்லை என்று ஈசியூவிடம் கோள் சொல்கிறது. ஈசியூ நம்பிக் கூடுதலாக ஊற்றுகிறது. கேஸ்கட் மோசமாகப் போயிருந்த மாதங்களில் லிட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் காணாமல் போயிருந்தது. அப்போது காதுக்குச் சத்தம் நின்ற பிறகும் கசிவு முழுசாக நிற்கவில்லை என்று அர்த்தம்.

கேஸ்கட் மாற்றினோம். வந்தது. மல்டி லேயர் ஸ்டீல் கேஸ்கட் போட்டோம். கொஞ்ச நாள் நின்று, வந்தது. ஃப்ளாஞ்சை ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வரிசையாக முறுக்கி, சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி முறுக்கினோம். வந்தது. ஒரு தடவை ஒரு ஸ்டட் ஹெட்டின் முகத்தோடு ஒட்டி உடைந்து போய், அதை எடுக்க ஒரு பகல் முழுக்க ஆயிற்று. அந்தப் பகலைப் பற்றி எழுதப்போவதில்லை.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தவர் எக்ஸாஸ்ட் வேலையே செய்யாத ஒருவர். கணபதி பக்கம் பம்ப்செட் பாகங்கள் கடையும் ஒரு லேத்துக்காரர். ஃப்ளாஞ்சை மேசையில் வைத்து நேர்ப்பட்டை வைத்துப் பார்த்தார். நடுவில் ஒட்டியது, இரண்டு முனையும் தூக்கியிருந்தன. "துளையெல்லாம் ஏனுங்க இவ்வளவு இறுக்கமா போட்டிருக்காங்க?" என்றார்.

அவர் கேட்டதில் எல்லாமே இருக்கிறது. 304 ஸ்டெயின்லெஸ் சூட்டில் வார்ப்பிரும்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். ஓரடிக்குச் சற்று மேல் நீளமுள்ள ஃப்ளாஞ்ச் 300 டிகிரி ஏறினால் ஒன்றரை மி.மீ.க்கு மேல் நீள்கிறது. அது உட்கார்ந்திருக்கும் அலுமினிய ஹெட்டுக்குள் தண்ணீர் ஓடுவதால் ஹெட் அவ்வளவு சூடாவதில்லை, அரை மி.மீ. சுமாருக்குத்தான் நீள்கிறது. மிச்ச நீளம் எங்கே போகும்? முனைத் துளைகள் கொஞ்சம் நீள்வட்டமாக இருந்தால் ஃப்ளாஞ்ச் ஸ்டட் மேல் வழுக்கிப் போய்வரும். ஸ்டட் அளவுக்கே துளை போட்டு இறுக்கினால் வழியில்லாமல் வில்லாக வளையும். அதிலும் என்னுடையது 6 மி.மீ. தகடு. 10 மி.மீ. போட்டிருந்தால் கொஞ்சமாவது தாக்குப் பிடித்திருக்கும்.

ஃப்ளாஞ்சின் முகத்தைச் சமமாக்கி, நடுத்துளைகளை அப்படியே விட்டு, முனைத் துளைகளை மட்டும் பக்கவாட்டில் நீட்டிக் கொடுத்தார். அவர் வாங்கிய கூலியைச் சொன்னால் சிரிப்பீர்கள். இத்தனை நாள் நான் வாங்கிய கேஸ்கட்டுகளில் ஒன்றின் விலைகூட இல்லை.

செய்து கொடுத்தவரிடம் நியாயமாகவும் இருக்க வேண்டும். அவருடைய வெல்டிங் அருமை. பைப்புக்குள்ளேயும் ஆர்கான் விட்டுப் பற்றவைத்திருக்கிறார், உள்பக்கம் கருகல் இல்லை. இத்தனை காலத்தில் ஒரு கீறல் விடவில்லை. மெல்லிய ஸ்டெயின்லெஸ் பைப் பற்றவைப்பு ஓரத்தில் விரிசல் விடுவதுதான் வழக்கம் என்பதால் இது சின்ன விஷயமில்லை. இந்த ஊர்க் கைகளுக்கு அந்தப் பழக்கம் இருக்கிறது. செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே என்ற ரேஸ் டிராக் இருக்கிற ஊர், ஃபார்முலா எல்ஜிபி ரேஸ் வண்டிகள் பிறந்த ஊர். ஆனால் கோளாறின் வேரும் அங்கேதான் என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. ரேஸ் வண்டியின் ஹெடரை யாரும் காலை ஆறரைக்குப் பால் வாங்கப் போகும்போது கேட்பதில்லை. அதைச் சூடாக்கித்தான் டிராக்கில் இறக்குவார்கள், ரேஸ் முடிந்தால் கழற்றிப் பார்ப்பார்கள். அங்கே 'சூடானா நின்னுடும்' என்பது முழு உண்மை. என் வீட்டு வாசலில் அது பாதி உண்மை.

மற்ற தொல்லைகளை ஓட்டமாகச் சொல்கிறேன். இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் முன்பக்கம், ரேடியேட்டரைப் பார்த்தபடி இருக்கிறது. பழைய மேனிஃபோல்டின் தகட்டுக் கவசம் ஹெடரில் பொருந்தாது. அவிநாசி ரோடு நெரிசலில் மே மாதம் நின்றால் ஃபேன் ஓய்வதே இல்லை. துணிப்பட்டை சுற்றிய பிறகு பரவாயில்லை. மைல்ட் ஸ்டீல் ஹெடராக இருந்தால் அந்தப் பட்டை ஈரத்தைப் பிடித்து வைத்துத் துருவேற்றும், அதற்குச் சுற்றாதே. ஹெடரின் அடிவயிறு ஆயில் சம்ப்புக்குக் கீழே போகிறது. ஏற்கெனவே தாழ்ந்த வண்டி, நாலு பேர் உட்கார்ந்தால் எங்கள் தெரு ஸ்பீடு பிரேக்கரைக் குறுக்காகத்தான் ஏற வேண்டும். ஆக்சிஜன் சென்சர் வயர் எட்டவில்லை, நீட்ட வேண்டியிருந்தது. அவ்வளவுதான்.

சட்டத்தையும் தெரிந்துகொண்டு இறங்கு. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் மாற்றம் ஒன்றுக்கு 5000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோகூட என்று இருக்கிறது. பதினைந்து வயது தாண்டிய வண்டி என்பதால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஆர்டிஓ முன்னால் நிறுத்தியாக வேண்டும். வண்டி அமைதியாக ஓடுகிறது, புகைச் சோதனையில் தேறுகிறது என்பதெல்லாம் நம் சமாதானம். சட்டத்தில் அதற்கு இடமில்லை. பழைய மேனிஃபோல்டு பரண்மேல் எண்ணெய் தடவிப் பத்திரமாக இருக்கிறது. உன்னுடையதையும் பழைய இரும்புக்காரனிடம் போட்டுவிடாதே.

நண்பா, கேள்விக்குப் பதில்: போடாதே.

நல்ல இழுவை, நல்ல சத்தம், மலை ஏறும்போது கிடைக்கிற சுகம் என்று மேலே எழுதியதில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன். ஆனாலும் போடாதே. லேத்துக்காரர் புண்ணியத்தில் டிக் இப்போது ஏழெட்டு விநாடியோடு முடிகிறது, சில காலைகளில் வருவதே இல்லை. ஆனால் இத்தனை நாள் பழக்கத்தில், சாவியைத் திருப்பியதும் காது தானாக அதைத் தேடுகிறது. வராத நாளிலும் இன்னொரு தடவை ஆக்சிலரேட்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த வியாதி உனக்கும் எதற்கு?

கழற்றிவிடுவாயா என்று கேட்டால், மாட்டேன்.

நான் சொல்லியும் கேட்காமல் போடப்போகிறாய் என்றால் தகடு 10 மி.மீ., முனைத் துளை நீள்வட்டம், இந்த இரண்டையும் பேசிவிட்டு அட்வான்ஸ் கொடு. அதற்கு முன் ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால் என் வண்டியை எடுத்துக்கொண்டு போ. ஆனால் வழக்கம்போல மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வராதே. காலையில், நான் ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் வா.