மீட் கிளாஸ், ரெக்கார்டிங், வாட்ஸப்: லாக்டவுன்ல பாடம் உண்மையில எதுல நடந்துச்சு?

2020 மார்ச் 17ல இருந்து காலேஜ் எல்லாம் லீவுன்னு அறிவிச்சப்போ, 31ம் தேதி வரைக்கும் தானேன்னு ஸ்டாஃப் ரூம் டிராயர்ல இருந்த டிஃபன் பாக்ஸ கூட எடுக்காம கிளம்பி வந்தவன் நான். ஃபைனல் இயருக்கு மறுபடி கதவு தொறந்தது டிசம்பர் 7. அந்த டப்பாவ தொறந்து பாக்க தைரியம் வரல, அப்படியே குப்பையில போட்டுட்டேன்.

நடுவுல அந்த எட்டு ஒன்பது மாசம், அப்புறம் 2021 மார்ச்ல மூடி செப்டம்பர் ஒண்ணு வரைக்கும் இன்னொரு ரவுண்டு, ரெண்டுலயும் ஒரு சுயநிதி இன்ஜினியரிங் காலேஜ்ல மெக்கானிக்கல் பசங்களுக்கு ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் (பாரம் ஏத்துனா ஒரு பொருள் எவ்வளவு தாங்கும், எப்படி வளையும்னு கணக்கு போடுற பாடம்) நடத்துனேன். லைவா கூகுள் மீட்ல நடத்தியிருக்கேன், வீடியோ எடுத்து யூடியூப்ல போட்டிருக்கேன், ரெண்டும் முடியாதப்போ வாட்ஸப்ல போர்டு ஃபோட்டோவும் வாய்ஸ் நோட்டுமா ஓட்டியிருக்கேன். எது பெஸ்ட்டுனு இன்னைக்கும் ஸ்டாஃப் ரூம்ல சண்டை நடக்குது, அதனால என் பங்குக்கு எழுதி வைக்கிறேன்.

முதல்ல லைவ். எல்லாரும் ஜூம்ல ஆரம்பிச்சோம். ஃப்ரீ அக்கவுண்ட்ல 40 நிமிஷத்துல கட் ஆகும், எங்க பீரியட் 50 நிமிஷம், அதனால கடைசி கணக்கு எப்பவும் அந்தரத்துல தொங்கும். ஏப்ரல்ல மத்திய உள்துறை அமைச்சகமே ஜூம் பாதுகாப்பில்லன்னு சொன்னதும் எங்க நிர்வாகம் அரண்டு போய் எல்லாரையும் கூகுள் மீட்டுக்கு மாத்துச்சு. அங்க ஃப்ரீ அக்கவுண்ட்ல 100 பேர் தான். எங்களுக்கு ஒரு செக்‌ஷனுக்கு 60 பேர், ஒரு வாத்தியார் லீவுன்னா ரெண்டு செக்‌ஷனையும் சேர்த்து எடுன்னு சொல்லுவாங்க, அப்போ 20 பேர் வெளியில நின்னு "சார் உள்ள விடுங்க சார்"னு மெசேஜ் போட்டுட்டு இருப்பான், பஸ் ஃபுட்போர்டு மாதிரி.

இதெல்லாம் சின்ன விஷயம், பழகிடுச்சு. பெரிய விஷயம் என்னன்னா லைவ் கிளாஸ்ல நான் யாருக்கு பாடம் எடுக்கிறேன்னே எனக்கு தெரியாது. கேமரா ஆஃப், மைக் ஆஃப், அறுபது வட்டத்துல அறுபது எழுத்து. கிளாஸ்ரூம்ல ஒரு கணக்கு போட்டுட்டு திரும்பினா மூஞ்சிய பாத்தே தெரியும், மூணாவது பெஞ்சுல புருவம் சுருங்குனா ப்ளஸ் மைனஸ் சைன் மாத்தி போட்டிருக்கேன்னு அர்த்தம். மீட்ல நான் பாதி பக்கம் தப்பா போட்டுட்டு போயிருக்கேன், ஒருத்தன் வாய தொறக்கல, "புரியுதா"ன்னு கேட்டா ரெண்டு பேர் மட்டும் "எஸ் சார்"னு டைப் பண்ணுவான், எப்பவும் அதே ரெண்டு பேர். ஒரு நாள் கிளாஸ் முடிச்சு லீவ் பண்ண சொன்னப்புறமும் பதினேழு பேர் அப்படியே உள்ள இருந்தான். தூங்கிட்டானா, ஃபோன வச்சிட்டு குளிக்க போயிட்டானான்னு ஆண்டவனுக்கு தான் வெளிச்சம்.

ஆனா நிர்வாகத்துக்கு லைவ் தான் பிடிக்கும், ஏன்னா ஸ்க்ரீன்ஷாட் எடுக்கலாம். மணிக்கு ஒரு ஸ்க்ரீன்ஷாட், தேதியோட, எத்தனை பேர்னு எண்ணிக்கையோட, ஃபைலுக்கு போகும். அட்டெண்டன்ஸ் லைவுக்கு மட்டும் தான். அதனால பசங்க அட்டெண்டன்ஸுக்காக உள்ள வந்தாங்க, நாங்க ஸ்க்ரீன்ஷாட்டுக்காக எடுத்தோம், நடுவுல பாடம்னு ஒண்ணு இருந்துச்சு பாவம்.

டேட்டா கதை தனி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டிருக்கிற பையனுக்கு காலையில நாலு கிளாஸ் முடிஞ்சா மதியம் நெட் நத்தை மாதிரி ஊரும். வீட்ல ரெண்டு பிள்ளைங்க, ஒரு ஃபோன்னா ஸ்கூல் போற தங்கச்சிக்கு தான் முன்னுரிமை. தமிழக அரசு எல்காட் (அரசோட எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம்) மூலமா 9.69 லட்சம் காலேஜ் மாணவர்களுக்கு தினம் 2 ஜிபி இலவச டேட்டா கொடுத்தது நல்ல காரியம் தான், ஆனா அது 2021 ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும், பிப்ரவரி 8ல மத்த வருஷங்களுக்கும் காலேஜே தொறந்துட்டாங்க, மார்ச் 23ல திரும்ப மூடிட்டாங்க. ரொம்ப தேவைப்பட்ட 2020 ஜூன் ஜூலைல அவன் அப்பா ரீசார்ஜ் கடையில கடன் சொல்லிட்டு இருந்தாரு.

அடுத்தது ரெக்கார்டிங். எனக்கு இது தான் ரொம்ப கஷ்டம், ஆனா பசங்களுக்கு லைவ விட இது பத்து மடங்கு மேல். கஷ்டம் ஏன்னா இருபது நிமிஷ வீடியோவுக்கு மூணு மணி நேரம் ஆகும். ரெண்டு பக்கமும் புஸ்தகத்த அடுக்கி மேல ஸ்டீல் ஸ்கேல் போட்டு அதுல ஃபோன கவுத்து வச்சு, கீழ பேப்பர்ல எழுதணும், தெருவுல தள்ளுவண்டி தக்காளிக்காரர் போனா முதல்ல இருந்து எடுக்கணும். அவர் குரல் என் ரெண்டு வீடியோல இன்னும் இருக்கு, கிலோ எவ்வளவுன்னு கூட கேக்கும்.

பலன் என்னன்னா, வீடியோ தரத்த 144பின்னு ரொம்ப குறைச்சு வச்சு பாத்தா டேட்டா கொஞ்சம் தான் போகும், நின்னு நின்னு வந்தாலும் அவன் அதே இடத்துல இருந்து தொடரலாம், லைவ்ல நெட் போன அஞ்சு நிமிஷம் போனது போனது தான். எங்க பையன் ஒருத்தன் லாக்டவுன்ல திருப்பூர்ல பனியன் கம்பெனிக்கு வேலைக்கு போயிட்டான், பகல் கிளாஸுக்கு ஒரு நாளும் வரல, அட்டெண்டன்ஸ் ரிஜிஸ்டர்ல வரிசையா ஆப்சென்ட். ராத்திரி ஷிப்ட் முடிஞ்சு ரூம்ல வீடியோ பாத்து கணக்கு போட்டு அனுப்புவான். ரிஜிஸ்டர் படி அவன் படிக்கவே இல்ல.

ரெக்கார்டிங்ல ஒரு ஓட்டை இருக்கு, அத சொல்லாம விட்டா நியாயம் இல்ல. "அப்புறம் பாத்துக்கலாம்"னு எல்லாமே எக்ஸாமுக்கு முதல் நாள் ராத்திரிக்கு தள்ளிப்போகும். என் வீடியோ வியூஸ் கிராஃப் பாத்தா செமஸ்டர் பூரா தரையில படுத்து கிடக்கும், கடைசி ரெண்டு நாள் மட்டும் கோபுரம் மாதிரி எழும்பும். தவிர, என்பிடிஇஎல்ல (ஐஐடிங்க சேர்ந்து நடத்துற இலவச ஆன்லைன் பாடத் தளம்) ஐஐடி புரொஃபசர் அதே பாடத்த வருஷக்கணக்கா ஃப்ரீயா வச்சிருக்காரு, அப்போ என் வீடியோ எதுக்குன்னு எனக்கே கேள்வி வந்துச்சு. பசங்க சொன்ன பதில்: சார் அது இங்கிலீஷு, அதுல தக்காளிக்காரர் வேற வரமாட்டாரு.

இப்போ வாட்ஸப். இத யாரும் ஆன்லைன் டீச்சிங்னு ஒத்துக்கவே மாட்டாங்க, எந்த ஃபைல்லயும் இது ஏறல. அப்போ வீடியோ 16 எம்பிக்கு மேல போகாது, அதனால சின்ன சின்ன துண்டு தான். ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் நூத்து சொச்சம் கேபி, பேலன்ஸ் தீந்து போற நிலைமையில இருக்கிற ஃபோன்லயும் இறங்கிடும். நான் கணக்க ஒரு பேப்பர்ல எழுதி ஃபோட்டோ போடுவேன், கீழ ரெண்டு வாய்ஸ் நோட்ல ஸ்டெப் சொல்லுவேன், கடைசில ஒரு பீம் (பாரம் தாங்குற உத்திரம்) கொடுத்து ஷியர் ஃபோர்ஸ் (குறுக்கா வெட்டுற விசை), பெண்டிங் மொமெண்ட் (வளைக்கிற திருப்பம்) டயகிராம் வரைஞ்சு ராத்திரிக்குள்ள நோட்ட ஃபோட்டோ எடுத்து எனக்கு தனியா அனுப்புங்கன்னு சொல்லுவேன். க்ரூப்ல போட்டா ஒருத்தன் போட்டத மத்தவன் காப்பியடிப்பான், அதனால தனியா.

இங்க தான் எனக்கு கண்ணு தொறந்துச்சு. ஒன்பது வருஷமா இந்த சப்ஜெக்ட் எடுக்கிறேன், ஒரு தடவை கூட அறுபது நோட்டையும் பாத்ததில்ல. கிளாஸ்ல நடந்து போறப்போ ஓரத்துல இருக்கிற நாலு பேர் நோட்டு தான் தெரியும். வாட்ஸப்ல முதல் வாரம் 22 பேர் அனுப்புனான், மூணாவது வாரம் 41. பாத்தா பாதி பேருக்கு ஒரே தப்பு: யூனிஃபார்ம்லி டிஸ்ட்ரிபியூட்டட் லோடு (நீளம் பூரா சமமா பரவுன பாரம்) வர்ற இடத்துல பெண்டிங் மொமெண்ட் வளைஞ்சு வரணும், பராபோலா, இவனுங்க நேர் கோடா இழுத்து வச்சிருக்கான். ஃபார்முலா சரி, விடை சரி, படம் மட்டும் தப்பு. விடைய மட்டும் பாத்து மார்க் போட்டுட்டு இருந்திருக்கேன், ஒன்பது வருஷமும் இது இப்படியே போயிருக்குன்னு தானே அர்த்தம். அன்னைக்கு ராத்திரி அந்த ஃபோட்டோ மேலயே சிவப்புல வளைச்சு காட்டி ஒவ்வொருத்தனுக்கா அனுப்பினேன், பதினொரு மணி ஆயிடுச்சு, வீட்ல என்ன சத்தம் போட்டாங்கன்னு இங்க வேணாம்.

இன்னொண்ணு, கிளாஸ்ல வாய தொறக்காத பொண்ணுங்களும், தமிழ் மீடியத்துல இருந்து வந்த பசங்களும் வாட்ஸப்ல கேள்வி கேட்டாங்க. "சார் தப்பா இருந்தா திட்டாதீங்க"ன்னு ஆரம்பிச்சு கேப்பாங்க, ஆனா கேப்பாங்க. லைவ்ல அதே பிள்ளைங்க மைக்க ஒரு தடவையும் ஆன் பண்ணல. வாட்ஸப்போட கேடு எது தெரியுமா, வாத்தியாருக்கு நேரமே இல்லாம போயிடும். ராத்திரி ஒன்றரைக்கு டவுட் வரும். சம்பளத்துல வேற அந்த வருஷம் வெட்டு விழுந்துச்சு.

லேப் பத்தி சுருக்கமா: மூணுமே ஃபெயில். விர்ச்சுவல் லேப்ஸ் தளத்துல சில எக்ஸ்பெரிமெண்ட் தட்டி பாக்கலாம், ரீடிங் வரும், ஆனா லேத்துல டூல் ஜாப்ல (கடையுற இரும்புத் துண்டுல) உரசுற சத்தம் காதுல விழாதவன் மெக்கானிக்கல் படிச்சான்னு நான் ஒத்துக்க மாட்டேன்.

நான் குழம்பிட்டு இருந்த அதே சமயத்துல, 2020 ஜூன் 30ல ஐஐடி மெட்ராஸ் புரோகிராமிங், டேட்டா சயின்ஸ்னு ஒரு ஆன்லைன் டிகிரி ஆரம்பிச்சாங்க. அதோட அமைப்ப பாருங்க: பாடம் ரெக்கார்டிங், வாரா வாரம் அசைன்மெண்ட், லைவ் வெறும் டவுட்டுக்கு, பரீட்சை மட்டும் சென்டருக்கு நேர்ல வந்து எழுதணும். 2003ல இருந்து என்பிடிஇஎல் நடத்துன அனுபவம் அவங்களுக்கு. நாங்க அப்படியே தலைகீழா பண்ணோம், பாடத்த லைவ்ல வச்சோம், டவுட்ட விட்டுட்டோம், பரீட்சைய வீட்டுக்கு அனுப்புனோம்.

அந்த பரீட்சையிலயும் ரெண்டு கட்சி இருந்துச்சு. ஒண்ணு கேமரா வச்சு கம்ப்யூட்டரே கண்காணிக்கிற அப்ஜெக்டிவ் டெஸ்ட், இன்னொண்ணு வீட்ல பேப்பர்ல எழுதி ஸ்கேன் பண்ணி அனுப்புறது. அண்ணா பல்கலைக்கழகம் 2021 பிப்ரவரில முதல் வகைய நடத்துச்சு, ரிசல்ட் வந்ததும் நெறைய பேருக்கு ஃபெயில், நெறைய பேருக்கு ரிசல்ட் நிறுத்தி வைப்புனு பெரிய பிரச்சனை ஆகி, மே மாசம் புதுசா வந்த அரசு மறுதேர்வு வைக்கிறோம்னு சொன்னாங்க, அது ரெண்டாவது வகை. என் பார்வையில முதல் வகைக்கு அடிப்படையே தப்பு. தலை திரும்புனா, பக்கத்துல சத்தம் கேட்டா மெஷின் சந்தேகப்படும், ஒரே ரூம்ல அஞ்சு பேர் இருக்கிற வீட்ல சத்தம் வராம எப்படி இருக்கும். பீம் கணக்குல நாலுல ஒண்ண டிக் அடிக்கிறதுல எனக்கு என்ன தெரிஞ்சிடப்போகுது.

ரெண்டாவது வகை மனுஷத்தனமா இருந்துச்சு, ஆனா அதுல கேள்வித்தாள மாத்தவே இல்ல. புஸ்தகம் கையில இருக்கிறவன்கிட்ட போய் "டிஃபைன் பாய்சான்ஸ் ரேஷியோ"ன்னு ரெண்டு மார்க் கேட்டா அவன் பக்கத்த பொரட்டி எழுதத்தான் செய்வான். ஸ்கேன் பண்றதுலயும் ஒரு கூத்து, எல்லாரும் வச்சிருந்த கேம்ஸ்கேனர் ஆப் 2020 ஜூன்ல 59 சீன ஆப்ல ஒண்ணா தடையாச்சு, அப்புறம் ஆளுக்கு ஒரு ஆப். ஒருத்தன் விடைத்தாள் பூரா தலைகீழா வந்துச்சு, நான் லேப்டாப்ப கவுத்து வச்சு திருத்தினேன். இதுல ருசி கண்ட பசங்க 2021 நவம்பர்ல மதுரைல ஆன்லைன் எக்ஸாம் தான் வேணும்னு ரோட்டுக்கு வந்தாங்க. அவங்கள மட்டும் திட்ட மாட்டேன், பாடத்த மட்டும் ஆன்லைன்ல கொடுத்துட்டு பரீட்சைய நேர்ல கேட்டா எவனுக்கும் பயம் வரும். என்ன, ஐஐடி பசங்களுக்கு அது முதல் நாளே சொல்லியிருந்தாங்க.

ஆக, திரும்ப ஒரு நாள் மூடுனா நான் என்ன பண்ணுவேன்னு கேட்டா: பாடம் பதினஞ்சு நிமிஷ வீடியோ, தினம் ஒரு கணக்கு வாட்ஸப்ல தனித்தனியா, வாரத்துக்கு ஒரே ஒரு லைவ், அதுவும் பத்து பத்து பேரா பிரிச்சு கேமரா ஆன் பண்ணி. அட்டெண்டன்ஸ் அந்த நோட்டு ஃபோட்டோவுக்கு. 2021ல ஸ்வயம் (மத்திய அரசோட ஆன்லைன் பாடத் தளம்) வழியா 40 சதவீதம் கிரெடிட் (பாடத்துக்கான மதிப்பு) வரைக்கும் எடுக்கலாம்னு யுஜிசியே விதிய தளர்த்திட்டாங்க, அதனால இது ஒண்ணும் புரட்சி இல்ல. இத ஒரு மீட்டிங்ல சொன்னேன், ஸ்க்ரீன்ஷாட் எப்படி சார் எடுக்கிறதுன்னு கேட்டாங்க.

இப்போ எல்லாம் நேர்ல தான். போன வாரம் கிளாஸ்ல பீம் கணக்கு கொடுத்து, போட்டவங்க நோட்ட எடுத்துட்டு டேபிளுக்கு வாங்கன்னேன், எட்டு பேர் வந்தாங்க. சும்மா பாப்போம்னு சாயங்காலம் வேணும்னா ஃபோட்டோவா அனுப்புங்கன்னு க்ரூப்ல ஒரு வரி போட்டேன். ராத்திரி பத்தே முக்காலுக்குள்ள முப்பத்தி நாலு ஃபோட்டோ. பராபோலாவ நேர் கோடா போட்டவன் பத்தொன்பது பேர்.