பிளாட்டினம்–கோபால்ட் நானோதுகள்: ஊறவைப்பதா, கரைசலில் வளர்ப்பதா, மின்சாரத்தில் சுடுவதா?

ஹைட்ரஜனையும் ஆக்சிஜனையும் சேர்த்து மின்சாரம் தரும் எரிபொருள் செல்லில் ஆக்சிஜனை ஒடுக்க (அதாவது எலெக்ட்ரான் கொடுத்து நீராக்க), தனிப் பிளாட்டினத்தைவிடப் பிளாட்டினம்–கோபால்ட் கலவை நன்றாக வேலை செய்யும். 2014-இல் விற்பனைக்கு வந்த டொயோட்டா மிராய் காரில் இருப்பதும் இந்தக் கலவைதான். சிக்கல் என்னவென்றால், பிளாட்டின உப்பு சட்டென்று உலோகமாகிவிடும், கோபால்ட் உப்பு லேசில் ஆகாது. கவனிக்காமல் விட்டால் இரண்டும் தனித்தனியாகப் படிந்துவிடும். இரண்டையும் ஒரே நானோதுகளில் சேர்க்க மூன்று வழிகளைப் பார்ப்போம்.

பழைய வழி, ஊறவைத்தல். கார்பன் தூளில் இரண்டு உப்பின் கரைசலையும் சொட்டுச் சொட்டாக விட்டுக் கிளற வேண்டும். தூள் ஈர மணல் பதத்துக்கு வரவேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. அப்புறம் உலர்த்தி, ஹைட்ரஜனில் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அணுக்கள் நன்றாகக் கலக்கும். அதே சூட்டில் துகள்கள் ஒட்டிப் பருத்தும் போகும். இதுதான் இந்த வழியின் பெரிய குறை.

கரைசலில் வளர்த்தால் அளவும் வடிவமும் நம் கையில். ஒலைலமீன் என்ற எண்ணெய் போன்ற திரவத்தில் உப்புகளைச் சூடாக்கி எடுத்த துகள்கள் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் அச்சில் வார்த்தது போல இருக்கும். ஆனால் அந்த ஒலைலமீன் துகளின் மேலேயே எண்ணெய்ப் பூச்சாக ஒட்டிக்கொள்ளும். அது போகாமல் வினை நடக்க இடமில்லை. எத்தனால் ஊற்றி, சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, ஹெக்சேன் என்ற கரைப்பானில் கலக்கி, மறுபடி எத்தனால். கூடுதலாகக் கழுவினாலோ துகள்கள் கட்டிதட்டிவிடும். ஆய்வுக் கட்டுரையில் ஒரே வரியில் முடிகிற இந்த வேலையில்தான் புதிதாக வருபவர்களின் நாட்கள் கரைகின்றன.

மூன்றாவது வழியை 2018-இல் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் லியாங்பிங் ஹு குழு வெளியிட்டது. உப்பு ஏற்றிய கார்பன் இழையில் மின்சாரம் பாய்ச்சி, சுமார் 2000 கெல்வினில் 55 மில்லிநொடி மட்டும் வைத்து உடனே குளிர்விப்பார்கள். உலோகங்கள் பிரிய நேரமே கிடைக்காது. எட்டு உலோகங்களை ஒரே துகளில் சேர்த்துக் காட்டினார்கள். ஆனால் துகள்களைத் தாங்கும் பொருள் மின்சாரம் கடத்த வேண்டும், மின்சாரம் கடத்தாத அலுமினாவில் இப்படிச் செய்ய முடியாது.

ஐந்தாறு உலோகம் வேண்டுமென்றால் மூன்றாவது வழிக்கே போகலாம். துகளின் எந்தப் படிக முகம் (அணுக்கள் ஒரே ஒழுங்கில் அடுக்கிய பக்கம்) நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்கக் கரைசல் வழி. இரண்டே உலோகம், கிராம் கணக்கில் வேண்டும், மின்முனையில் பூச வேண்டும் என்றால் நான் ஊறவைத்தலைத்தான் எடுப்பேன். கடைசியில் நீர்த்த அமிலத்தில் ஒருமுறை கழுவுங்கள். அமிலம் நன்றாக இளஞ்சிவப்பாக மாறினால், கலக்காத கோபால்ட் நிறைய கரைந்து வருகிறது. அடுத்த முறை உலையில் இன்னும் கொஞ்ச நேரம் விடுங்கள்.