ஆய்வகக் கண்ணாடிச் சாமான்: 7017 20-ஆ, 7017 90-ஆ?

ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்காகப் போன மாதம் சென்னைத் துறைமுகத்தில் ஒரு சரக்கு இறக்கினோம். இன்வாய்ஸில் 41 வரி, வரிக்கு ஒரு பொருள். பீக்கர், கூம்புக் குடுவை, கண்டென்சர், நீல மூடி போட்ட ரீஏஜென்ட் பாட்டில், பிப்பெட், ஸ்லைடு, குரோமடோகிராஃபி வயல் (சாம்பிள் அடைக்கும் சின்னக் குப்பி), ஒரு தெர்மாமீட்டர் பெட்டி. விற்றவர் 41 வரிக்கும் சுங்கக் கட்டணப் பட்டியலின் ஒரே எண்ணைப் போட்டு அனுப்பியிருந்தார்: 7017 90, அதாவது ஆய்வகக் கண்ணாடியில் 'மற்றவை'. "அப்படியே போட்டுடுங்க சார், 'மற்றவை'ன்னு இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் எங்கள் அலுவலகத்தில் சுங்க ஃபைலிங் பார்க்கும் பையன். அவன் பேச்சை நான் கேட்கவில்லை. 27 வரியை 7017 20-க்கு மாற்றினேன், 13-ஐ 90-லேயே விட்டேன், தெர்மாமீட்டரை 9025-க்குத் தள்ளினேன்.

முதலில் எளிதானவற்றைத் தள்ளிவிடலாம். தெர்மாமீட்டர், ஹைட்ரோமீட்டர் எல்லாம் 90-ஆம் அத்தியாயம். உடம்பு கண்ணாடியாக இருந்தாலும் 70-க்கு வராது. காய்ச்சி வடிக்கும் கருவிதானே என்று கண்டென்சரை 8419-க்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. 84-ஆம் அத்தியாயத்தின் முதல் குறிப்பே 7017-இல் வரும் ஆய்வகக் கண்ணாடியை வெளியே நிறுத்திவிடுகிறது. மருந்தோ ரசாயனமோ அடைத்து விற்பதற்கான வெற்று பாட்டில் 7010. ஆய்வக மேசையில் நிற்கப்போகிற ரீஏஜென்ட் பாட்டில் 7017. சமையலறைக் கண்ணாடி 7013. அளவுக்கோடு இருந்தால் வேறு எண் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். 7017-இன் தலைப்பிலேயே கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் என்று எழுதியிருக்கிறதே.

மிஞ்சுவது தலைப்புக்குள்ளே இருக்கும் மூன்று கிளைகள். 7017 10 உருக்கிய குவார்ட்ஸுக்கு. அதை நான் ஒரே ஒரு முறைதான் இறக்கியிருக்கிறேன், விலையைப் பார்த்தாலே அது என்னவென்று தெரிந்துவிடும். சண்டை 20-க்கும் 90-க்கும் நடுவில்தான்.

20-இன் வாசகத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். 0 முதல் 300 டிகிரி செல்சியஸ் வரை, நீள விரிவுக் குணகம் ஒரு கெல்வினுக்குப் பத்து லட்சத்தில் 5 பங்கைத் தாண்டாத வேறு கண்ணாடி. அவ்வளவுதான். 'வெப்பம் தாங்கும்' என்ற சொல் அதில் இல்லை. 'போரோசிலிகேட்' (போரான் கலந்த கண்ணாடி) என்ற சொல்லும் இல்லை. இருப்பது ஓர் எண், ஒரு வெப்ப எல்லை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு சரக்கு முழுக்க மாட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

அந்த எண் என்ன சொல்கிறது என்றால்: சோடா சுண்ணாம்புக் கண்ணாடி, அதாவது ஜன்னலிலும் தண்ணீர் டம்ளரிலும் இருப்பது, ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் சுமார் 9 பங்கு விரியும். ஆய்வகத்துக்காரர்கள் போரோ 3.3 என்று சொல்லும் கண்ணாடி, பெயரிலேயே இருக்கிறதே, 3.3 பங்கு. 100 மில்லிமீட்டர் குழாயை 200 டிகிரி சூடேற்றினால் முதலாவது 0.18 மில்லிமீட்டர் நீளும், இரண்டாவது 0.066. சூடான குடுவையைக் குளிர்ந்த கல்மேடையில் வைத்தால் ஒன்று வெடிப்பதும் இன்னொன்று பிழைப்பதும் இந்த வித்தியாசத்தால்தான். ஜெர்மனியின் யேனாவில் ஓட்டோ ஷோட் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உருவாக்கியது இந்தக் குடும்பத்தைத்தான். 1915-இல் அமெரிக்காவில் கார்னிங் இதையே பைரெக்ஸ் என்று கடைக்குக் கொண்டுவந்தது. (அதே பெயரில் இன்று அமெரிக்கக் கடைகளில் கிடைக்கும் அடுப்புப் பாத்திரம் பதப்படுத்திய சோடா சுண்ணாம்புக் கண்ணாடி. பிராண்டைப் பார்த்து எண் போடுகிறவர்கள் கவனிக்க.)

ஆகவே பீக்கர், குடுவை, கண்டென்சர், நீல மூடி பாட்டில் எல்லாம் போரோ 3.3 என்றால் 20. ஸ்லைடும் எங்கள் பிப்பெட்டுகளும் சோடா சுண்ணாம்பு, அவை 90. இதுவரை தகராறு இல்லை. தகராறு வயலில்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வந்த சரக்கில், காட்டலாக்கில் 'டைப் 1 போரோசிலிகேட்' என்று இருந்ததை நம்பி எல்லா வயலையும் 20-இல் போட்டேன். சுங்கத்திலிருந்து ஒரு குவெரி வந்தது. ஒரே வரி: குணகத்துக்கு ஆதாரம் என்ன? விற்றவரிடம் கேட்டால் மறுபடியும் அதே காட்டலாக் பக்கத்தை அனுப்புகிறார். 9 நாள் சரக்கு சி.எஃப்.எஸ்ஸில் (கன்டெய்னர் கிடங்கில்) நின்றது, வாடகை எங்கள் தலையில். கடைசியில் தொழிற்சாலையிலிருந்து தாள் வந்தபோதுதான் விஷயம் விளங்கியது. அமெரிக்கத் தரம் ஏ.எஸ்.டி.எம். இ438-இல் டைப் 1-க்குள் இரண்டு வகுப்பு. ஏ வகுப்பு 3.3 பக்கம். பி வகுப்பு, கோடி பங்கில் 48 முதல் 56 வரை; அதாவது 4.8-இலிருந்து 5.6. கட்டணப் பட்டியலின் 5 என்ற கோடு அந்த வகுப்பின் நடுவிலேயே ஓடுகிறது! நிறமற்ற வயல் பெரும்பாலும் '33' கண்ணாடி, பழுப்பு வயல் பெரும்பாலும் '51'. இரண்டும் போரோசிலிகேட். ஒன்று 20, இன்னொன்று 5.1 என்பதால் 90. ஒரே அட்டைப்பெட்டிக்குள் இரண்டு எண்.

அன்றிலிருந்து 20-ஐ எழுதுவதென்றால் எனக்கு ஒரு நிபந்தனை உண்டு: ஒவ்வொரு வரிக்கும் குணகத்தை எண்ணில் சொல்லும் தாள் கையில் இருக்க வேண்டும். சிலர் இதை வீண் வேலை என்பார்கள். 2020 ஜூன் 8 அன்று முகமறியா மதிப்பீடு முதலில் சென்னையிலும் பெங்களூரிலும்தான் தொடங்கியது. அதற்குப் பிறகு நம்முடைய பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது இறக்குமதி அறிவிப்பை, பார்க்கிற அதிகாரி வேறு ஊரில் உட்கார்ந்திருக்கலாம். அவர் குடுவையைத் தொட்டுப் பார்க்கப்போவதில்லை. இ-சஞ்சித் என்ற சுங்க இணையதள வசதியில் நாம் ஏற்றிய தாள்தான் அவருக்குக் குடுவை. தாளில் 'வெப்பம் தாங்கும் உயர்தரக் கண்ணாடி' என்று இருந்தால் அவர் எந்த எண்ணை நம்புவார்?

இந்தத் தாளைப் பராமரிப்பதுதான் 20-இன் உண்மையான செலவு. தொழிற்சாலை மாறினால் புதுத் தாள். விற்பவர் அதே காட்டலாக் எண்ணில் வேறு கண்ணாடியை அனுப்பினால் புதுத் தாள். தாளில் ஒரு சின்னச் சிக்கலும் உண்டு: போரோ 3.3-க்கான ஐ.எஸ்.ஓ. 3585 தரம் குணகத்தை 20 முதல் 300 டிகிரிக்குச் சொல்கிறது, கட்டணப் பட்டியல் 0 முதல் 300-க்குக் கேட்கிறது. 3.3 எங்கே, 5 எங்கே. இந்த 20 டிகிரியால் யாரும் கோட்டைத் தாண்டப்போவதில்லை. ஆனால் 4.9 என்று வரும் தாளாக இருந்தால் நான் தொழிற்சாலையிடம் எழுத்தில் கேட்டுவிடுவேன்.

90-க்கு இந்தச் செலவு எதுவும் இல்லை, அதனால்தான் எல்லோருக்கும் அது பிடிக்கிறது. இரண்டு கிளைக்கும் அன்றைய சுங்க வரி ஒன்றாகவே இருந்தால் என்ன போச்சு என்று கேட்கலாம். சலுகை வரி கேட்காத சரக்கு என்றால், உடனடியாகப் பெரிதாக எதுவும் போகாது. ஆனால் வர்த்தக ஒப்பந்தத்தின் கீழ் சலுகை கேட்டால், பிறப்பிடச் சான்றிதழில் உள்ள ஆறு இலக்கமும் நம்முடைய ஆறு இலக்கமும் ஒத்துப்போக வேண்டும். பிறப்பிடச் சலுகையைச் சரிபார்க்கும் 2020-இன் கரோட்டார் விதிகளுக்குப் பிறகு அந்தச் சான்றின் பின்னணியைச் சொல்லும் பொறுப்பும் இறக்குமதியாளருக்குத்தான். எண்ணை வகைப்படுத்துவதும் சுங்கச் சட்டத்தின் 17-ஆம் பிரிவின்படி நம் சுயமதிப்பீடு. வரி குறைவாகக் கட்டியதாகப் பின்னால் தெரிந்தால் 28-ஆம் பிரிவில் சாதாரணமாக 2 ஆண்டு, வேண்டுமென்றே தவறாகச் சொன்னதாகக் கருதினால் 5 ஆண்டு வரை பின்னோக்கி வருவார்கள். 'விற்றவர் போட்ட எண்' என்பது அங்கே எடுபடாது.

மூன்றாவது வழியாக முன்கூட்டிய தீர்ப்பு இருக்கிறது, அதாவது சரக்கு வருமுன்பே எண்ணைக் கேட்டு முடிவு வாங்கிவிடுவது. விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய், 3 மாதத்துக்குள் முடிவு, சில ஆண்டு செல்லுபடி. ஆண்டு முழுக்க ஒரே வயலை இறக்குகிறவருக்கு லாபம். என்னைப் போல 41 வரியில் 41 விதம் இறக்குகிறவருக்குச் சரிப்படாது.

தாள் வருவதற்கு முன் எனக்காக மட்டும் நான் செய்யும் ஒரு சோதனை: மருந்துக்கடையில் கிளிசரின் பாட்டில் வாங்கி, ஒரு டம்ளரில் ஊற்றி, சாம்பிளை உள்ளே இறக்குவது. போரோ 3.3-இன் ஒளிவிலகல் எண் சுமார் 1.474, கிளிசரினுக்கும் கிட்டத்தட்ட அதுவே. சோதனைக் குழாயை மெதுவாக இறக்கினால் திரவத்துக்குக் கீழே போன பகுதி கரைந்ததுபோல் மறைந்துவிடும், மேலே கையில் பிடித்த விளிம்பு மட்டும் அந்தரத்தில் நிற்கும். சோடா சுண்ணாம்பு 1.52 என்பதால் ஓரம் பளிச்சென்று தெரியும். எங்கள் பையன் மூன்று முறை இறக்கி ஏற்றிப் பார்த்தான். 33-க்கும் 51-க்கும் நடுவே இந்தச் சோதனையை நம்பி எண் போட மாட்டேன். சுங்கத்தில் இது சாட்சியும் ஆகாது. அவர்கள் வேண்டுமென்றால் சாம்பிளைத் தங்கள் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். விற்றவரிடம் எந்த வரிக்கு அழுத்திக் கேட்க வேண்டும் என்பதை இது எனக்குக் காட்டிவிடும்.

இந்த முறை அப்படிக் கேட்டதில் 27 வரிக்குத் தாள் வந்தது, குவெரி வரவில்லை. இரண்டு டெசிகேட்டருக்கு (ஈரம் படாமல் பொருளை வைக்கும் மூடி போட்ட பெரிய பாத்திரம்) மட்டும் வரவில்லை. கிளிசரினில் முக்க அவை பெரிது. மூடியின் குமிழை மட்டும் முக்கிப் பார்த்தேன், மறைந்தது. ஆனாலும் 90-லேயே விட்டேன். பட்டியலில் அந்த 13-இல் இரண்டு அவைதான். அடுத்த ஆர்டருக்குத் தாள் கேட்டு மின்னஞ்சல் போயிருக்கிறது.