கியூபெக் சாமியார், மாசசூசெட்ஸ் கிளார்க், வர்ஜீனியா வரிக்காரர்: யார் நோட்டில் தாத்தா கிடைப்பார்?

பேத்தியின் பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொன்னார்கள். அம்மா வழிக்கு நான் இருந்தேன். என் தாத்தாவின் அப்பா பெயர் வரை தெரியும். அதற்கு மேலே நேராகக் குலதெய்வம்தான். அப்பா வழி என்பது என் மருமகன் வழி. 17ஆம் நூற்றாண்டில் வட அமெரிக்காவில் வந்து இறங்கிய ஐரோப்பியக் குடியேறிகளின் வழி. "நீங்க சும்மாதானே இருக்கீங்க, பார்த்துக் கொடுங்கப்பா" என்றாள் மகள். பள்ளி வேலை ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. நான்தான் இரண்டு பனிக்காலமாக இன்னும் எழுந்திருக்கவில்லை.

மருமகனுக்கு மூன்று ஓடைகள். சம்பந்தியம்மா கியூபெக் பிரெஞ்சுக் குடும்பம். சம்பந்தியின் அப்பா வழி மாசசூசெட்ஸ், அம்மா வழி வர்ஜீனியா. ஒரே ஆள், ஒரே மேசை, மூன்று விதமான காகிதம். எது சுலபம் என்று கேட்டால் யோசிக்கவே வேண்டாம், கியூபெக்தான். மற்ற இரண்டும் அதன் பக்கத்தில்கூட வராது.

காரணம், பங்குக் கோயில் பதிவேடு. 1621இலிருந்து ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் கத்தோலிக்கச் சாமியார்கள் எழுதி வைத்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து இரண்டு பிரதி: ஒன்று கோயிலில், இன்னொன்று நீதிமன்றத்தில். கோயில் தீப்பிடித்தாலும் மற்றது பிழைத்துக்கொண்டது. 1763இல் பிரான்ஸ் போய் பிரிட்டன் வந்தபோதும் சாமியார்கள் எழுதுவதை நிறுத்தவில்லை.

ஒரு கல்யாணப் பதிவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதன் அருமை தெரியும். முதலில் தேதி, எண்ணில் அல்ல, எழுத்தில். அப்புறம் மூன்று ஓலை (கோயிலில் படிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசித்தாயிற்று, தடை சொல்ல யாரும் வரவில்லை என்ற வாசகம். பிறகு மாப்பிள்ளை: இன்னாருக்கும் இன்னாருக்கும் பிறந்த மகன், இந்தப் பங்கைச் சேர்ந்தவர். பெண்ணுக்கும் அதேபோல் அப்பா பெயர், அம்மா பெயர். செத்துப்போனவர் என்றால் 'காலஞ்சென்ற' என்ற சொல் சேர்ந்துவிடும். சாட்சிகள் யார், அவர்கள் பெண்ணுக்கு என்ன முறை என்பதும் இருக்கும். கடைசியில், 'கையெழுத்துப் போடத் தெரியாது என்று சொன்னார்கள்'. ஒரே பக்கத்தில் நான்கு பெற்றோர். அந்த நான்கு பேரின் கல்யாணங்களைத் தேடினால் எட்டுப் பேர். இப்படியே ஏணி ஏறுவதுபோல் ஏறிக்கொண்டே போகலாம்.

இன்னொரு பெரிய வசதி, பெண் எத்தனை முறை கல்யாணம் செய்தாலும் பதிவேட்டில் பிறந்த வீட்டுப் பெயரோடே இருப்பாள். ஆங்கிலேயக் காலனிகளில் பெண் கல்யாணமானதும் காகிதத்திலிருந்து பாதி காணாமல் போய்விடுகிறாள். மூன்று ஓடைகளில் இரண்டில் நான் முட்டிக்கொண்டது ஏதாவது ஒரு பாட்டியிடம்தான்.

சில பதிவுகளில் 'மூன்றாம் படி உறவுக்கு விலக்கு அளிக்கப்பட்டது' என்று வரும். மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் கொள்ளுத்தாத்தா ஒருவரே என்று அர்த்தம். நம் பக்கத்தில் அத்தை மகனுக்கு முறைப்பெண் என்று கூப்பிட்டுக் கொடுப்போம்; அவர்கள் திருச்சபையிடம் அனுமதி வாங்க வேண்டியிருந்தது. அந்த அனுமதிதான் நமக்கு இன்றைக்குத் துப்பு. சொந்தத்துக்குள் சுற்றியதும் ஆச்சரியமில்லை. 1666இல் பிரெஞ்சு நிர்வாகி ழான் தலோன் எடுத்த குடிக்கணக்கில் மொத்தமே 3,215 பேர். 1663க்கும் 1673க்கும் நடுவில் அரசர் செலவில் கப்பலேற்றி அனுப்பிய பெண்கள், 'அரசரின் மகள்கள்', எண்ணூறுக்குச் சற்றுக் குறைவு. கியூபெக்கில் பழைய குடும்பம் எதை எடுத்தாலும் இவர்களில் நாலைந்து பேராவது பாட்டியாக வந்து நிற்பார்கள். சம்பந்தியம்மாவுக்கு இதுவரை ஏழு பேர் கிடைத்திருக்கிறார்கள்.

இந்தப் பதிவேடுகளை எடுத்து, ஒவ்வொரு ஆளையும் அவர் பெற்றோரோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது மொன்றியல் பல்கலைக்கழகத்தின் பி.ஆர்.டி.எச். என்ற தரவுத்தளம். 1966இல் மக்கள்தொகை ஆராய்ச்சிக்காகத் தொடங்கியது. கட்டணம் உண்டு, ஆனால் முடிச்சைப் போட்டவர்கள் ஆராய்ச்சியாளர்கள். இன்னொன்று துருவேன் நிறுவனம். 1940களில் கியூபெக் பதிவேடுகளை மைக்ரோஃபில்ம் எடுத்தவர்கள். இங்கே பக்கத்தின் படமே கிடைக்கும், ஆனால் 18ஆம் நூற்றாண்டுச் சாமியாரின் கிறுக்கலை நீங்களேதான் படிக்க வேண்டும். எனக்கு ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முதலில் பி.ஆர்.டி.எச்.; அது சொன்னதைச் சரிபார்க்க துருவேன் படம். அந்த வரிசை மாறினால் கண்தான் போகும்.

கியூபெக்கிலும் ஒரு பொறி உண்டு, 'டி' பெயர்கள். 'ருவா டி தெஜார்டன்' என்றால், தெஜார்டன் எனப்படும் ருவா. பட்டாளத்தில் வைத்த பட்டப்பெயராக இருக்கும், ஊர்ப் பெயராக இருக்கும். அண்ணன் ருவா, தம்பி தெஜார்டன் என்று ஒரே வீடு இரண்டாகப் பிரிந்துவிடும். இது போதாதென்று, 1840க்கும் 1930க்கும் இடையே சுமார் ஒன்பது லட்சம் பேர் அமெரிக்காவுக்குப் போனார்கள், பெரும்பாலும் நியூ இங்கிலாந்துப் பஞ்சாலைகளுக்கு. அங்கே ருவா 'கிங்' ஆனார், லெப்லான் 'வைட்' ஆனார், புவாவேர் 'கிரீன்வுட்' ஆனார். சம்பந்தியம்மாவின் தாத்தாவுடைய அண்ணன் ஒருவர் லோவெல் மில்லுக்குப் போனவர். பிரெஞ்சுப் பெயரில் ஆறு மாதம் தேடினேன். பெயரை மொழிபெயர்த்துப் போட்டதும் பத்து நிமிஷத்தில் வந்தார். (நியூயார்க்கில் குடியேறிகள் வந்திறங்கிய எல்லிஸ் தீவில் அதிகாரி பெயரை மாற்றிவிட்டார் என்று அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு ஒரு கதை உண்டு. அதிகாரிகள் கப்பல் பட்டியலில் இருந்த பெயரைத்தான் சரிபார்த்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் குடியேறியவர்களேதான்.)

சரி, மாசசூசெட்ஸ். அங்கே சாமியார் இல்லை, டவுன் கிளார்க், அதாவது ஊர்ப் பதிவாளர். ஆரம்பகாலப் பியூரிட்டன்களுக்கு, அதாவது அங்கே குடியேறிய கண்டிப்பான புராட்டஸ்டண்டுகளுக்கு, கல்யாணம் சடங்கல்ல, ஒப்பந்தம். நடத்தி வைத்தவர் நீதிபதி. பிறப்பு, கல்யாணம், இறப்பை எழுதி வைக்க 1639இலேயே சட்டம் வந்துவிட்டது. பல ஊர்களின் பதிவுகளை 1850 வரை அகரவரிசையில் அச்சுப் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள். தேடுவதற்கு இவ்வளவு சொகுசு கியூபெக்கில்கூட இல்லை. ஆனால் உள்ளே இருப்பது கஞ்சத்தனம். 'ஜான், ஜானுக்கும் மேரிக்கும் மகன்', அவ்வளவுதான். மேரி யார் வீட்டுப் பெண்? பதில் இல்லை. கிளார்க்கிடம் போய்ச் சொல்லாத குடும்பங்களும் நிறைய. அங்கே கல்லறைக் கல்லும் உயிலும்தான் கைகொடுக்கும்.

தேதியிலும் தடுமாறுவோம். 1752 வரை ஆங்கிலேயர்களுக்கு வருஷப் பிறப்பு மார்ச் 25. அதனால் பிப்ரவரி 1691/2 என்று இரட்டை வருஷம் போட்டிருப்பார்கள். இது தெரியாமல் ஒரு பாட்டி கல்யாணத்துக்கு முன்பே பிள்ளை பெற்றாள் என்று நான் குறிப்பு எழுதி வைத்திருந்தேன். பாவம்.

இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் ஒரு ஆசை, மேஃபிளவர். 1620இல் ஆங்கிலேயக் குடியேறிகளைக் கொண்டுவந்த அந்தக் கப்பலில் 102 பயணிகள். முதல் குளிரிலேயே ஏறக்குறையப் பாதிப்பேர் போய்விட்டார்கள். அவர்களின் வாரிசு என்று நிரூபிக்க விரும்புவோருக்கு 1897இல் தொடங்கிய சங்கம் இருக்கிறது, முதல் ஐந்து தலைமுறைகளை அலசிப் புத்தகங்களும் வெளியிட்டிருக்கிறது. அதனால் நீங்கள் ஆறாம் தலைமுறை வரை ஏறினால் போதும், மீதியை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எங்கள் மாசசூசெட்ஸ் தாத்தாவுக்கு அந்தக் கப்பல் கிடைக்கவில்லை. 1630களில் வந்த கூட்டத்தில் ஒருவர். சம்பந்திக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான்.

வர்ஜீனியாவில்தான் இடுப்பு ஒடியும். 1607இல் ஜேம்ஸ்டவுனில் தொடங்கிய காலனி, மூன்றிலும் மூத்தது, ஆனால் காகிதத்தில் ஏழை. மாநிலம் பிறப்பு, இறப்பைப் பதிந்தது 1853 முதல் 1896 வரை. அப்புறம் நிறுத்திவிட்டு 1912இல்தான் மறுபடி தொடங்கியது. ஆங்கிலிக்கன் கோயில் பதிவேடுகள் பெரும்பாலும் தொலைந்துவிட்டன. பல கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) நீதிமன்றங்கள் எரிந்துபோயின. பாதுகாப்பாக இருக்கட்டும் என்று உள்நாட்டுப் போரில் சில கவுண்டிகள் ரிச்மண்டுக்கு அனுப்பிய ஆவணங்கள் 1865 ஏப்ரலில் ரிச்மண்டோடு சேர்ந்து எரிந்தன. 1790 குடிக்கணக்கின் வர்ஜீனியாத் தாள்களும் இல்லை.

மிஞ்சியது வரிப் பட்டியல். 1782இலிருந்து அநேகமாக வருஷா வருஷம் உண்டு. பிள்ளைக்குப் பதினாறு வயதானால் அப்பாவின் கணக்கில் ஒரு தலை கூடும். இருபத்தொன்றானால் தனி வரி. பட்டியலை வருஷ வரிசையில் படித்துப் போனால், ஒரு வீட்டில் பையன்கள் வளர்வதும் பிரிவதும் கிழவர் மறைவதும் ஊமைப் படம் மாதிரி ஓடும். நிலம் விற்றால் மனைவியைத் தனியே விசாரித்து அவளுடைய பங்கை விட்டுக்கொடுக்கச் சொல்வார்கள். அங்கே அவள் பெயர் வரும், பிறந்த வீடு வராது.

அந்த வழியில் எனக்கு ஒரு உயில் கிடைத்தது. ஒரு மகளுக்கு இறகு மெத்தை, ஒரு பசு. அடுத்த வரியில் பெயர்கள், குடும்பப் பெயர் இல்லாமல் மூன்று பெயர்கள். அடிமைகள். பசுவுக்குப் பிறகு. அந்த மூன்று பேரின் வாரிசுகள் இன்று தேடினால் என்ன கிடைக்கும் என்று யோசித்தேன். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் சொந்தக்காரர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் மட்டும்தான். விடுதலை பெற்றவர்கள் பெயரோடு வரும் முதல் குடிக்கணக்கு 1870. அதற்கு முன்னால் போக, அவர்களை வைத்திருந்த குடும்பத்தின் உயில்களைத்தான் படிக்க வேண்டும். அதனால் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, மூன்று பெயர்களையும் தேடினால் அகப்படும்படி ஏற்றி வைத்திருக்கிறேன்.

இனி காசு விஷயம். ஃபேமிலிசெர்ச் இலவசம், மார்மன் திருச்சபை நடத்துவது. 24 லட்சம் மைக்ரோஃபில்ம் சுருளை 2021இல் டிஜிட்டலாக்கி முடித்தார்கள். கையெழுத்தை இயந்திரம் படித்துத் தேடித் தரும் வசதி 2024இல் வந்தது. வர்ஜீனியா பத்திரங்களுக்கு அது வரப்பிரசாதம். என் உயில் அப்படித்தான் அகப்பட்டது. ஆன்செஸ்ட்ரி சந்தாத் தளம், தேட லகுவானது. அமெரிக்கக் குடிக்கணக்குக்கு நான் அதைத்தான் திறப்பேன். ஆனால் வருஷம் முழுக்கச் சந்தா கட்டாதீர்கள். கேள்விகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஒரு மாதம் கட்டினால் போதும். வீட்டு ஆட்களை 1850க்கு முந்தைய அமெரிக்கக் கணக்கில் தேடுவது வீண். குடும்பத் தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். 1890 கணக்கு 1921 தீயாலும், மிஞ்சியதைப் பின்னால் அழித்ததாலும் ஏறக்குறைய முழுவதும் போயிற்று.

மற்றவர்கள் போட்டு வைத்த மரங்களை நம்பாதீர்கள். ஒரு தளம் 'இவர் உங்கள் தாத்தாவாக இருக்கலாம்' என்று குறிப்புக் காட்டியது. அழுத்தினேன். ஒரே சொடுக்கில் இங்கிலாந்து பிரபு வரை பதினோரு தலைமுறை! மூன்று நாள் மிதப்பில் இருந்தேன். பிறகு பார்த்தால் அந்தப் பிரபுவின் பேரன் ஆறு வயதில் செத்திருக்கிறான். இது இணையம் வந்தபின் பிறந்த வியாதியும் அல்ல. நூறு வருஷத்துக்கு முன்பே கஸ்தாவ் அன்ஜூ என்பவர் அமெரிக்கப் பணக்காரர்களுக்குப் பொய்க் கொடிவழி தயாரித்து விற்றிருக்கிறார்; அவர் கற்பனை இன்னும் பல மரங்களில் தொங்குகிறது.

டி.என்.ஏ. சோதனையா, காகிதமா? முதலில் சதவீத வரைபடத்தை மறந்துவிடுங்கள். கூடப்பிறந்தவர்களுக்கே வேறு வேறாக வரும். பயன்படுவது உறவினர் பட்டியல். அதிலும் மூன்றாம் கஸின்களில் (எள்ளுத்தாத்தா ஒருவராக இருப்பவர்கள்) சுமார் பத்தில் ஒருவரோடும், நான்காம் கஸின்களில் ஏறக்குறைய பாதிப்பேரோடும் உங்களுக்கு ஒரு துண்டுகூடப் பொதுவாக இருக்காது. கியூபெக்குக்கு இது கிட்டத்தட்ட வீண். எல்லோரும் எல்லோருக்கும் பல வழியில் சொந்தம் என்பதால், தூரத்து ஆள்கூடப் பக்கத்து உறவுபோல் தெரிவார். காகிதம் எரிந்த வர்ஜீனியாவுக்கு மட்டும் எச்சில் குப்பிக்குக் காசு கொடுப்பேன். கொடுக்கும் முன் இதையும் பாருங்கள்: 23அண்ட்மீ என்ற டி.என்.ஏ. சோதனை நிறுவனத்தில் 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் கசிந்தது, 2025 மார்ச்சில் அது திவால் மனுப் போட்டது. பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளலாம், மரபணுவை மாற்ற முடியாது.

எங்கள் வர்ஜீனியாக் கட்டத்தில் இப்போது 'மேரி' என்று மட்டும் இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரர்கள் இரண்டு பேர், இருவருக்கும் மேரி என்று ஒரு மகள். எந்த வீட்டுக் கிழவர் கணக்கில் மேரி புருஷனின் குதிரை சேர்கிறது என்று வரிப் பட்டியலை 1782இலிருந்து படித்து வருகிறேன். நேற்று 1794 முடிந்தது.