ட்வின் பிளாக்கா, ஹெர்ப்ஸ்டா?

கீழ்த்தாடை உள்வாங்கி மேல் முன்பற்கள் துருத்தி நிற்கும் பிள்ளைக்கு, மளமளவென்று உயரம் கூடும் பருவத்தில், கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும் இந்தப் பல் சாதனங்கள் இரண்டுமே பலன் தரும்.

ட்வின் பிளாக் கழற்றி மாட்டக்கூடியது. மேலும் கீழுமாக இரண்டு அக்ரிலிக் தட்டுகள். அவற்றில் உள்ள, சுமார் 70 பாகைச் சரிவுள்ள கட்டைகள், கடிக்கும்போதெல்லாம் கீழ்த்தாடையை முன்னே நிறுத்தும். சாப்பிடும்போதும் போட்டிருக்க வேண்டும். கட்டையின் உயரம் 5 மி.மீ.க்குக் குறைந்தால் பிள்ளை பின்னால் நழுவிக் கடிக்கப் பழகிவிடும். பிறகு பக்கவாட்டில் மேல், கீழ்ப் பற்களுக்கிடையே விழும் இடைவெளிக்கு, மேல்கட்டையை ஒவ்வொரு வருகையிலும் 1–2 மி.மீ. தேய்த்தால் கீழ்க்கடைவாய்ப் பற்கள் எழும்பி மூடும்.

ஹெர்ப்ஸ்ட் பல்லோடு ஒட்டப்படுவது; குழாய்க்குள் தண்டு ஓடும். தண்டு குட்டையானால் கொட்டாவியில் கழன்று தொங்கும், நீளமானால் கன்னத்தின் உட்புறத்தைக் குத்தும். கழன்றதைத் திரும்ப நுழைக்க முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

2003-ல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ட்வின் பிளாக்கை மூன்றில் ஒருவர் பாதியில் விட்டனர். ஹெர்ப்ஸ்டை எட்டில் ஒருவர்தான். ஆனால் ஹெர்ப்ஸ்டுக்குப் பழுதுபார்க்கும் வருகைகள் அதிகம். இரண்டிலும் கீழ் முன்பற்கள் முன்சாயும். ஏற்கெனவே சாய்ந்திருந்தால் யோசியுங்கள்.

தட்டு டப்பாவிலேயே தூங்கும் என்று தெரிந்தால், ஹெர்ப்ஸ்டே என் தேர்வு.