அல் சத் மேட்ச் பார்க்கப் போகிறீர்களா? எங்கே இறங்குவது, எங்கே உட்காருவது

தோஹாவுக்குப் புதிதாக வரும் கால்பந்து ரசிகர்கள் 2022 உலகக் கோப்பை நடந்த பெரிய ஸ்டேடியங்களைத்தான் முதலில் தேடிப் போகிறார்கள். ஆட்டத்தைக் கிட்டத்தில் பார்க்க ஆசை என்றால் கத்தாரின் அல் சத் கிளப்பின் ஜாசிம் பின் ஹமத் ஸ்டேடியத்துக்குப் போங்கள். சுமார் 15,000 பேருக்குத்தான் இடம். ஆனால் இது 1989, 2011 என்று இரண்டு முறை ஆசிய சாம்பியன் ஆன கிளப். 2011 இறுதிப் போட்டியில் தென் கொரியாவின் ஜியோன்புக் அணியை அதன் சொந்த ஊரிலேயே பெனால்ட்டியில் சாய்த்தது. ஸ்பெயினின் நட்சத்திர வீரர் ஷாவி நான்கு வருடம் இங்கே ஆடி, பிறகு பயிற்சியாளராக 2020-21 லீக்கை ஒரு தோல்விகூட இல்லாமல் வென்று கொடுத்தார்.

போகும் வழியில்தான் பலர் தடுமாறுகிறார்கள். மெட்ரோவில் "அல் சத்" என்றே ஒரு நிலையம் இருக்கிறது. பெயரைப் பார்த்து அங்கே இறங்கிவிடாதீர்கள். இறங்க வேண்டியது அல் சூடான். முஷைரிப் நிலையத்தில் மெட்ரோவின் கோல்டு லைனுக்கு மாறி அல் அஸீஸியா பக்கம் போகும் ரயிலில் ஏறினால் நான்காவது நிறுத்தம்: பின் மஹ்மூத், அல் சத், ஜோவான், அல் சூடான். சாதாரண வகுப்பில் ஒரு பயணத்துக்கு 2 ரியால், கார்டுக்குத் தனியாக 10 ரியால். ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், அதனால் குடும்பமாகப் போகிறவர்கள் முன்னாலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

டிக்கெட்டில் ஸ்டேடியத்தின் பெயரை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். தானி பின் ஜாசிம் என்று இருந்தால் அது அல் கராஃபா என்ற இன்னொரு கிளப்பின் மைதானம், வேறு திசை. அல் சத் ஆடும் எல்லா லீக் ஆட்டமும் ஜாசிம் பின் ஹமத் மைதானத்தில்தான் என்றும் இல்லை.

இனி உட்காரும் இடம். முன்வரிசையில் பந்தை உதைக்கும் சத்தமே காதில் விழும், ஆனால் ஆட்டத்தின் ஆழம் தெரியாது. ஆஃப்சைடு கோடும் அணியின் வடிவமும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டையாகிவிடும். நீளவாட்டுக் கேலரியில் நடு உயர வரிசைதான் சரி. அதிலும் உங்கள் இடது கைப் பக்கம் தள்ளி உட்காருங்கள். காரணம் அல் சத் வீரர் அக்ரம் அஃபீஃப். 2019, 2023 என இரண்டு முறை ஆசியாவின் சிறந்த வீரர் விருது வாங்கியவர், ஆடுவது இடது விங். அல் சத் உங்கள் இடப்பக்க கோலைத் தாக்கும் பாதியில் அவர் உங்கள் முன்னால் இருக்கும் எல்லைக்கோட்டை ஒட்டி வருவார். பந்தை வாங்கிச் சட்டென நின்று, பின்காப்பாளரின் எடை ஒரு காலுக்கு மாறும் வரை காத்திருந்து, வலது காலால் உள்ளே வெட்டுவார். டிவியில் அந்த அரை நொடி நிற்பது தெரியவே தெரியாது. மற்றப் பாதியில் அவர் எதிர்ப்புறம் போய்விடுவார்; அதற்கு ஒன்றும் செய்ய முடியாது.

குளிரூட்டும் வசதி உள்ள ஸ்டேடியம் இது. குளிர்ந்த காற்று கனமானது, கீழேதான் தங்கும். அதனால் ஆகஸ்ட், செப்டம்பரில் மேல் வரிசைகளைத் தவிருங்கள். நிலையத்திலிருந்து வாசல் வரை நடக்கும்போது சட்டை நனைந்துவிடும், அந்த ஈரத்தோடு குளிர்காற்றில் உட்காருவதும் சுகமில்லை. மாற்றுச் சட்டை ஒன்று கையில் இருக்கட்டும். ஜனவரி இரவுகளில் கதையே வேறு, மெல்லிய ஜாக்கெட் தேவைப்படும்.

குறை என்றால் கூட்டம் இல்லாததுதான். சாதாரண லீக் ஆட்டங்களில் பாதிக்கு மேல் நாற்காலிகள் காலியாகக் கிடக்கும். இத்தனை நல்ல ஆட்டத்துக்கு இது மனதை உறுத்துகிறது. மேளமும் பாட்டும் ஒரு மூலையில் மட்டும் கேட்கும். உங்களுக்கு ஆரவாரம் வேண்டுமென்றால் இன்னொரு கத்தார் கிளப்பான அல் ரய்யானோடு ஆடும் நாளையோ, சவூதி, ஈரான் கிளப்புகள் வரும் ஆசியப் போட்டியையோ தேர்ந்தெடுங்கள். ஆட்டத்தை மட்டும் படிக்க வேண்டும், பிள்ளைகளையும் கூட்டிப் போக வேண்டும் என்றால் காலி நாளே மேல்.

இடைவேளை 15 நிமிடம்தான். விசில் அடித்த பிறகு எழுந்தால் வரிசையிலேயே நேரம் போய்விடும், 40-வது நிமிடத்தில் எழுந்துவிடுங்கள். ஆட்ட நேரம் சூரியன் மறைவதையும் தொழுகையையும் ஒட்டிச் சீசன் நடுவே மாறும் என்பதால் போன மாத நேரத்தை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

கிளப் கால்பந்தோடு நிற்பதில்லை. ஹேண்ட்பால், கூடைப்பந்து, கைப்பந்து அணிகளும் உண்டு. 2015 உலக ஹேண்ட்பால் போட்டி நடந்த அலி பின் ஹமத் அல் அத்தியா அரங்கமும் இதே வட்டாரத்தில்தான் இருக்கிறது. அங்கே அல் சத்தின் ஆட்டம் விழும் நாள் தெரிந்தால் விடாதீர்கள். வெயில் கவலையும் கிடையாது.